பூனையின் கை நுழையாத கூடு

கிரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு எதிரி துருதான் என்று நினைப்பீர்கள், எனக்குப் பூனை. ராஜபாளையத்தில் கேட்டும் சன்னலும் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். ஒரே ஒரு முயல் கூடு செய்யப் போய், இப்போது தெருவில் பூனை குறுக்கே போனால் அதன் கை எத்தனை நீளம் என்று கண்ணால் அளக்கிறேன். முயல் வளர்த்துவிட்டு, பின்வாசலில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடுகிற அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

முதல் கூடு

மெர்சி அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறார். தனியாள். தையல் மெஷின் சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லையென்று இரண்டு முயல் வாங்கினார். வெள்ளைக்குப் பெயர் பஞ்சு, பழுப்புக்குச் சீனி. கூடு செய்யும் வேலை என்னிடம் வந்தது. நான் அதுவரை செய்ததெல்லாம் கோழிக்கூடு. அதே மாதிரி அகலக் கண் வைத்த கோழி வலையைத் தரைக்கும் அடித்து, முழங்கால் உயரத்தில் கால் வைத்து, "முயல் தப்பி ஓடவே முடியாது அக்கா" என்று பெருமையடித்துக் கொடுத்தேன். உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது என்பதை மட்டும்தான் யோசித்தேன். வெளியே இருப்பதன் கை உள்ளே வரும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. பத்தாம் நாள், காது கிழிந்த ஒரு சாம்பல் பூனை கூட்டுக்கு அடியில் புகுந்து, வலைக் கண் வழியாகக் கையை விட்டுப் பஞ்சுவின் காலைப் பிடித்துவிட்டது. பஞ்சு பிழைக்கவில்லை.

அக்கா பட்டறைக்கு வந்து நின்றபோது கிரைண்டரை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன ஏசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அழுது வீங்கிய கண்கள். குரல் மட்டும் உயரவே இல்லை.

"சண்டை போட வரலை தம்பி. சீனி இருக்கு, அதையாவது காப்பாத்தணும். வேற கூடு செய்ங்க. தப்பு எங்கன இருக்குன்னு இப்ப உங்களுக்குத்தான தெரியும்?"

கொக்கி

இரண்டாவது கூட்டுக்கு அரை இஞ்சுக் கண் வெல்டு மெஷ் போட்டேன். என் சுண்டுவிரலே நுழையாது. இடுப்பு உயரத்துக்குக் கால், மேலே தகடு, தரையில் பாதிக்குப் பலகை. கதவுக்கு வழக்கமான கொக்கி. இனி சீனிக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். அதே மாதிரி இன்னொரு கூடு, கிருஷ்ணன்கோவிலில் வீடெடுத்துத் தங்கியிருக்கும் கல்லூரி மாணவர்கள் நான்கு பேருக்கும் போனது.

ஒரு வாரத்தில் அவர்களிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. அவர்கள் தெருப் பூனை ஒன்று கூட்டின் மேல் படுத்துக்கொண்டு, ஒற்றைக் கையைத் தொங்கவிட்டு, கொக்கியைத் தட்டித் தட்டித் தூக்குகிறது. கதவு திறக்கிறது. படம் பிடித்த பையனே கத்தி விரட்டியதால் முயல் தப்பித்தது. வீடியோ முடிவதற்குள் நான் பைக்கை எடுத்துவிட்டேன். முதலில் போனது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. சீனியின் கூட்டில் கொக்கியை அறுத்தெறிந்துவிட்டு, பூட்டு மாட்டுகிற மாதிரி தாழ்ப்பாள் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் கிருஷ்ணன்கோவில் போனேன். அந்த வீடியோ மட்டும் வராமல் இருந்திருந்தால் சீனியும் போயிருக்கும். பையன்களுக்குக் கையெடுத்து நன்றி சொன்னேன். அவர்களில் ஒருவன் சொன்னான்:

"அண்ணே, அந்தக் கொக்கியத் தொறக்க எங்களுக்கே ரெண்டு நாள் பழக வேண்டியிருந்துச்சு. பூனை ஒரே நாள்ல படிச்சிருச்சு."

நாய் இருக்கிற வீடு

எங்கள் ஊர் நாய்க்குப் பேர்போனது. வேட்டைக்கென்றே வளர்த்த சாதி. அப்படி ஒரு வெள்ளை நாய் நிற்கிற வீட்டுக்கு முயல் கூடு அளவெடுக்கப் போனேன். வீட்டுக்காரர் உள்ளே யாரிடமோ தெலுங்கில் காப்பி போடச் சொல்லிவிட்டு, பூனை புகாமல் கூடு வேண்டும் என்றார். நான் பூனையையா பார்த்தேன்? என் கண் முழுக்க அந்த நாய் மேல்தான். "ஐயா, கம்பியை நாய்க்குத் தக்கன போடவா, பூனைக்குத் தக்கன போடவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நாய் நாஞ் சொன்னாக் கேக்கும். பூனை யாரு சொல்லி எதைக் கேட்டுச்சு? பூனைக்கே போடுங்க."

சீனி சாப்பிடவில்லை

தாழ்ப்பாள் மாற்றிய மறுவாரம் மெர்சி அக்கா போன் செய்தார். கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சீனி காலையிலிருந்து ஒரு புல்லைக்கூடத் தொடவில்லையாம். ஒரே மூலையில் காதை மடக்கிக்கொண்டு இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறது. எதிரே சுவர் மேல் அந்தக் காது கிழிந்த பூனை. விரட்டினால் போகிறது, திரும்பினால் வந்துவிடுகிறது. கூட்டை வீட்டுக்குள் தூக்கி வைத்தால் சன்னலில் வந்து உட்காருகிறது. கால்நடை டாக்டர், "காயம் எதுவும் இல்லை, பயம்தான். முயல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் உயிருக்கு ஆபத்து" என்று சொல்லிவிட்டார். நான் இன்னும் தடித்த கம்பி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரும்பு வேலை செய்கிறவன் வேறென்ன யோசிப்பான்?

அப்போது பட்டறையில் சுந்தரபாண்டியத்துக் குமரேசன் அண்ணாச்சி இருந்தார். தோட்டத்தில் முயல் வளர்ப்பவர். டிராக்டர் கொண்டியைப் பற்றவைக்க வந்திருந்தார். நான் போனில் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் வேலை கிடக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

"ஏம்ப்பா, சுவரே இல்லாம பூரா சன்னலா ஒரு வீடு கட்டி, வாசல்ல கொலைகாரன உக்கார வச்சா, நீ நடுவுல உக்காந்து சோறு திம்பியா? ஒளிய ஒரு இருட்டுப் பொட்டி குடு மொதல்ல."

போனில் வந்த சத்தம்

பக்கத்துத் தச்சுப் பட்டறையில் பலகை வாங்கி, அரைமணி நேரத்தில் ஒரு பெட்டி அடித்தோம். அண்ணாச்சியே பலகையைப் பிடித்துக்கொண்டார். முயல் நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு வாசல். பைக்கில் கட்டிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் வைத்தேன். சீனி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தது. அப்புறம் உள்ளே போய் மறைந்துவிட்டது. அக்கா ஒரு பிடி புல்லைப் பெட்டி வாசலில் வைத்தார். சுவர் மேலிருந்த பூனைக்கு இப்போது பார்க்க ஒன்றுமில்லை. நான் நின்றால் சீனி இன்னும் பயப்படும் என்று கிளம்பிவிட்டேன்.

மடவார்வளாகம் தாண்டும்போது போன் அடித்தது. எடுத்தேன். அக்கா பேசவில்லை. ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக் காதோடு வைத்துக் கேட்டேன். நறுக், நறுக், நறுக் என்று ஒரு சின்னச் சத்தம். போனைக் கூட்டுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார். ரோட்டோரத்தில் நின்று நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

"கேக்குதா தம்பி? திங்குது. நல்லா இருங்க நீங்க."

புது ஆர்டர்

போன வாரம் அக்கா மறுபடி பட்டறைக்கு வந்தார். சீனிக்கு என்ன ஆச்சு என்று எழுந்துவிட்டேன். சீனி நன்றாக இருக்கிறதாம், கொழுத்துவிட்டதாம். அந்தக் காது கிழிந்த பூனைதான் பின்வாசல் விறகு மறைவில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. தெருநாய்கள் மோந்துகொண்டு சுற்றுகின்றன. நாய் வாய் நுழையாமல், தாய் மட்டும் போய் வருகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும். அதைச் சீனியின் கூட்டுக்கு எட்டாத மூலையில் வைத்துக்கொள்வாராம். "பஞ்சுவைக் கொன்ற பூனைக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அளவு நாடாவைப் பிரித்துக்கொண்டே சொன்னார்:

"கூட்டைத் தப்பாச் செஞ்ச உங்களையே நான் ஒதுக்கிறலை. அது பூனைதான தம்பி, பாவம்."

ஆக, என் பட்டறையில் பூனையிடமிருந்து முயலைக் காக்கிற வேலை முடிந்து, நாயிடமிருந்து பூனையைக் காக்கிற வேலை நடக்கிறது. நாய்க்கும் யாரிடமாவது பயமிருந்தால் மெர்சி அக்காவிடம் சொல்லி அனுப்பட்டும், அளவோடு வந்துவிடுவார்.