ஒல்லாந்தர் சரணடையவில்லை

2023 மார்ச் 9, வியாழக்கிழமை, மாலை ஏழரை மணி. நான் செய்த பிழையை என் அப்பாவின் தலையில் போட்டேன். பலர் முன்னிலையில். அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதே!

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டருகே ஒரு சமூக மண்டபம் உண்டு. வியாழன்தோறும் அங்கே சிலர் கூடி, நீலத்துணி விரித்த மேசையில் சின்னஞ்சிறு கப்பல்களை நகர்த்தி, பழைய கடற்போர்களை மீண்டும் நடத்துவார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள். தமிழர் அப்பா மட்டுமே. அன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் வட கடலில் பிரித்தானியரும் ஒல்லாந்தரும், அதாவது டச்சுக்காரரும், மோதிய போர். ஆட்டத்துக்கு முன் அதன் வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு, முதன்முறையாக, அப்பாவுக்கு.

ஆங்கிலத்தில் நீளமாக வாசிப்பது அவருக்குக் கடினம். ஆகவே அந்தப் போரைப் பற்றிய நூலை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்... பாதியில் சலித்து, முடிவை ஊகித்துவிட்டேன். "ஒல்லாந்தர் சரணடைஞ்சிட்டினம், அப்பா." பிரித்தானியக் கடற்படை அல்லவா, வேறென்ன நடந்திருக்கும்?

ஒரு காற்புள்ளிக்காகக் கட்டுரையைத் திருப்பி எழுதுகிறவள் நான். அப்பாவுக்கு அந்தக் கவனம் தேவையில்லை என்று எப்படி நினைத்தேன்?

மண்டபத்தில் அவருக்கு ஒரே உற்சாகம். "பார் பிள்ளை, எங்கட ஊர்க் கோட்டையைக் கட்டின ஆக்கள். இண்டைக்கு அவையின்ர கப்பல் முழுக்க என்ர கையில!"

"மெதுவாக் கதையுங்கோ, அப்பா."

"ஏன், எதிரிக்குக் கேட்டிடுமோ?"

பிறகு எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார். ஒல்லாந்தர் சரணடைந்தனர் என்று முடித்தார். கிரகாம் என்ற முதியவர் பண்போடு திருத்தினார்: எவரும் சரணடையவில்லை, இரு அணிகளும் சிதைந்து திரும்பின, இரண்டுமே வென்றதாகச் சொல்லிக்கொண்டன.

அப்பா சிரித்தபடி என்னைக் காட்டினார். மகள்தான் வாசித்துச் சொன்னாள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அவள் பிழைவிட மாட்டாள் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரியாகத்தான் சொன்னேன், அப்பாதான் மாறிக் கேட்டிருக்கிறார் என்றேன். அழகான ஆங்கிலத்தில்.

உடனே நம்பினார்கள்! ஏன் நம்பமாட்டார்கள்? அவருடைய ஆங்கிலம் அவர்களுக்குத் தெரியும். நான் அவருக்குச் சொன்னது தமிழில் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை...

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாவது இருந்திருக்கக் கூடாதா? "ஓம்... நான்தான் மாறிக் கேட்டிட்டன் போல," என்றார்.

என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார் என்று நீங்கள் நினைக்கலாம். அன்றிரவு முழுதும் நானும் அப்படி நம்பவே முயன்றேன். அவர் உண்மையை அறிந்து என்னை மன்னித்திருந்தால், அது தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, தேநீரோடு வந்து அமர்ந்தார். "பிள்ளை, எனக்குக் காது கொஞ்சம் மந்தமாயிட்டுது போல. நீ ஒண்டு சொல்ல, எனக்கு வேற ஒண்டு கேட்டிருக்கு. டொக்டரிட்டை ஒருக்காக் காட்டுவமே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எட்டு மணிக்கு மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பா எதிரே தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்க, என் தந்தைக்குச் சில காலமாகக் காது சரியாகக் கேட்பதில்லை என்று சொல்லி, நாள் குறித்துக்கொண்டேன்.