வலது கக்கத்தில் கட்டிய நெறி

எட்டு வருஷமாகக் கீரமங்கலம் பக்கம் சைக்கிளில் போய் அம்மைத் தடுப்பூசி குத்திய ஊழியர் திருப்பதிக்கு, யாருக்கு எங்கே கட்டி வந்தாலும் ஏச்சுதான் மிச்சம். ஊசியே போடாத நல்லதம்பியின் முதுகுக் கட்டிக்கும் அவரைத்தான் திட்டினார்கள்.

அன்று அந்த ஊர் அழகி, தன் மகளை அவரிடம் இழுத்து வந்தாள். "நீங்க குத்துனதுலதாங்க பிள்ளைக்குக் கக்கத்துல நெறி கட்டி வீங்கிருச்சு."

திருப்பதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் குத்துனது இடது கை. நெறி கட்டியிருக்கது வலது பக்கம். இந்தா பாரும்மா, வலது விரல்ல முள்ளு ஏறிச் சீழ் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் நெறி கட்டியிருக்கு. முள்ளை எடுத்தா எல்லாம் வடிஞ்சிரும்!"

அழகி மகளின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆத்தாடி! அப்ப ஒங்க மருந்து இங்கிட்டு வரைக்கும் பரவிருச்சுங்களா?"