ஏஞ்சல் பட்டியலை அழித்த காலை

மூன்று மாதம் பார்க்கிறோம், அப்புறம் சொல்கிறோம் என்றுதான் திருமுடிவாக்கம் பட்டறையில் என் மருமகள் ஏஞ்சலை எடுத்தார்கள். இரும்புத் தகட்டை மெஷின் எப்படி வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புகிற வேலை. பட்டறைக்காரர்கள் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில், பம்மலில் எங்கள் வீட்டிலிருந்தே செய்வாள். என் மகன் முதுகு பிசகிப் படுத்ததிலிருந்து வீட்டுக்கு அந்த ஒரு வேலைதான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு டிப்ளமா முடித்தவள். லேசில் பயப்பட மாட்டாள். அன்றைக்குப் பயந்தாள்.

அந்த மூன்று மாதக் கெடு முடிய இரண்டு நாள். ஒன்பது மணிக்கு மாதாந்திர மின்தடை. அதற்குள் பட்டறைக்கு ஒரு படம் போக வேண்டும், அதுவும் புதிதாக வந்த புரோகிராம் வழியாக. திரையில் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலில் ஒரு புரோகிராமின் பெயரை அடித்தால், அதைக் கம்ப்யூட்டர் எங்கெங்கே போய்த் தேட வேண்டும் என்று உள்ளே ஒரு பட்டியல் உண்டாம். பாத் என்பார்கள். அதில் புதியதன் இடத்தையும் சேர்க்க வேண்டும். பட்டியல் இருக்கிற பெட்டியைத் திரையில் திறந்ததும் அது முழுக்கத் தேர்வாகி நீலமாக நின்றது. அவசரத்தில் புதியதை அதன் மேலேயே ஒட்டி ஓகே கொடுத்துவிட்டாள். பழையது மொத்தமும் போயிற்று. புது புரோகிராம் ஓடியது. படம் வரைகிற பழையதைக் கூப்பிட்டால், அப்படி ஒன்று தெரியாது என்றது கம்ப்யூட்டர். அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"போச்சு அத்தை. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"திரும்ப எழுதேன்."

"அம்மாம் நீளத்தை யாரு ஞாபகம் வெச்சிருப்பாங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்."

"பண்ணாதே. எலியேசருக்குப் போன் போடு."

எலியேசர் பட்டறையில் அவளுக்கு மூத்தவர்.

"அவர்கிட்ட சொன்னா ஆபீசுக்கே தெரிஞ்சிடும் அத்தை!"

"தெரியட்டும். போடுடி." அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.  போடும்வரை நான் விடவில்லை.

"இன்னாம்மா, காலங்காத்தால பேஜாரு?" என்றார். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"அழிக்கறதுக்கு முன்னாடி தொறந்த கறுப்பு ஜன்னல் எதனா இன்னும் கீதா?"

"காலைல தொறந்தது ஒண்ணு இருக்குண்ணா."

"பொழச்ச. பழைய லிஸ்ட்டு அதுல அப்படியே கீது. மூடுனா காலி. அதுல பாத்னு அடிச்சி, வர்றத காப்பி பண்ணு. யூபிஎஸ் எவ்ளோ தாங்கும்?"

"அஞ்சு நிமிஷம் தாங்கும்."

"அப்புறம் என்னாண்ட இன்னா பேசிக்கினு கீற?"

அடித்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள் வந்தன. அதை எடுத்துப் பட்டியல் பெட்டியில் ஒட்டி, புள்ளியும் கீழே வாலுமாக ஒரு குறி போட்டு, அதற்கப்புறம் புதியதைச் சேர்த்தாள். வேறொரு ஜன்னல் திறந்தாள். இரண்டு புரோகிராமும் ஓடின. செல்போன் நெட்டைப் பிடித்துப் படத்தை அனுப்பினாள். யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்தியது போய், இழுத்துக் கத்தியது. திரை இருண்டது.

"படம் போய்ச் சேந்துச்சா?" என்றேன்.

"தெரியல அத்தை."

இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.  கால் மணி கழித்து எலியேசர்தான் கூப்பிட்டார். "வந்துடுச்சி. மெஷின்ல ஏத்தியாச்சி. நீ அழிச்சத நான் யாராண்டயும் சொல்லல."

மத்தியானம் முதலாளிக்குப் போன் போட்டு அவளே சொன்னாள். பேசும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள்.  அவர், "நாளான்னிக்கு வந்து வேலை நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்றாராம்.