மூன்றாவது சிவப்புப் புள்ளி

கொழுந்தன் வீரேந்திரன் வண்டியை விற்றுவிட்ட செய்தியை ஜினமதிக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். கணவன் உயிரோடு இருந்தவரை அவன் ஓட்டிய லோடு வண்டி அது. அவன் போன பிறகு மூன்று வருஷம் அவள் ஓட்டினாள். வேர்க்கடலை மூட்டைகளோடு கீழ்பென்னாத்தூருக்குப் போய், இரண்டு லாரிக்கு நடுவில் ஒரே வெட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவாள். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் ஆர்.சி. புத்தகம் வீரேந்திரன் பெயரில் இருந்தது. விற்றுவிட்டான்.

"எதுக்கு அண்ணி வெயில்ல அலையறீங்க? வூட்ல அம்மாவுக்கு ஒத்தாசையா இருங்க," என்றான், பெரிய உபகாரம் செய்துவிட்டவன் மாதிரி.

அடுத்த வாரமே அவள் திருவண்ணாமலையில் ஒரு பார்சல் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தாள். வண்டி கம்பெனியுடையது. அறுபது நாள் தகுதி பார்ப்பார்கள்; தேறினால் வேலை நிரந்தரம். ஒவ்வொரு தப்புக்கும் கணினியில் பெயருக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி; அதற்குள் மூன்று விழுந்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீடு என்றால் வீரேந்திரன் வீட்டு அடுப்படி. "போய்ட்டு வாங்க அண்ணி, அடுப்பு எங்க போயிடப் போவுது," என்று வாசல்வரை வந்து சிரித்தபடி வழியனுப்பியவன் அவன். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் அவள் தினமும் காலையில் வண்டிச் சாவியைத் திருகினாள்.

பார்சல்கள் வந்து இறங்கிப் பிரிகிற கம்பெனி ஹப்புக்குப் பொறுப்பாளர் சகாதேவன். காலியாக இருந்த டிரைவர் இடத்தில் தன் மச்சானை உட்கார வைக்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். மேலிடம் ஜினமதியை அனுப்பியதும் அந்த நினைப்பில் மண் விழுந்தது. மனிதர் கடைசிவரை அந்த மண்ணைத் தட்டிவிடவே இல்லை. முதல் நாளே அவள் பெயரைப் பட்டியலில் படித்துவிட்டு, எல்லா டிரைவர்களுக்கும் கேட்கும்படி விசாரித்தார்.

"ஜினமதியா? சேட்டு வூட்டுப் பொண்ணா? அடகுக் கட வெக்காம எதுக்கு ஸ்டியரிங்கு புடிக்க வந்த?"

"சேட்டு இல்ல சார். நாங்க தமிழ்ச் சமணருங்க, இந்த மண்ணுதான். எங்க ஊரு கோயிலுக்கு உங்க ஹப்ப விட வயசு ஜாஸ்தி."

டிரைவர்கள் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சகாதேவனுக்குப் புரிந்துவிட்டது. அன்றோடு அவருக்கு அவளைக் கண்டாலே ஆகாமல் போயிற்று.

முதல் சிவப்பு ஒன்பதாம் நாள் விழுந்தது. சமணர் வீடுகளில் பொழுது இறங்கிய பிறகு சாப்பிடமாட்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, புழு ஏதாவது சோற்றோடு உள்ளே போய்விடக் கூடாது என்பார்கள். ஜினமதி அதற்கெல்லாம் பெரிய விளக்கம் சொல்லத் தெரிந்தவள் இல்லை. பல் துலக்காமல் சிலருக்குக் காபி இறங்காது அல்லவா, அது மாதிரி விளக்கு வைத்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்று மாலை ஐந்தே முக்காலுக்குச் செங்கம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. வண்டி ஐந்து நிமிஷத்துக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது என்பது விதி. வண்டியிலிருந்த கருவி அதை ஹப்புக்குக் கோள் சொல்லிவிட்டது.

"மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு தடவ சாப்புட வுடறோம். அப்புறம் ஏழரைக்கு வண்டிய வுட்டுட்டுப் போயி எவ்ளோ வேணா சாப்புடு," என்றார் சகாதேவன்.

"ஏழரைக்கு நான் சாப்புட மாட்டேன் சார்."

"அப்ப சாப்புடாத."

அவளும் சாப்பிடவில்லை. மத்தியானம் சாப்பிட்டால் அதற்குப் பிறகு மறுநாள் காலைதான். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். மாலைக்கு ஒரு டப்பா மட்டும் தினமும் கட்டிக்கொண்டு வருவாள், என்றாவது பத்து நிமிஷம் கிடைக்காதா என்று. கிடைத்ததில்லை. பசிக்கிற நேரத்தில் ஓட்டிக்கொண்டே சகாதேவனைத் திட்டுவாள். தெரிந்த வசவெல்லாம் அடி அண்ணாமலை வருவதற்குள் தீர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

இரண்டாவது சிவப்புக்குக் காரணம் சக்கரவர்த்தி என்கிற மனிதர். சென்னையில் ஏதோ ஒரு துறையில் பெரிய அதிகாரியாக இருந்து, முப்பது வருஷம் கீழே இருந்தவர்களையெல்லாம் அதட்டி ஓய்ந்தவர். ஓய்வு பெற்றதும் ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு அறை பிடித்து, ஒரு மண்டலம் மௌன விரதம் எடுத்திருந்தார். சாதாரண மௌனம் இல்லை. பேச்சு கிடையாது, எழுதிக் காட்டுவது கிடையாது, சைகைகூடக் கிடையாது. அந்தச் சந்தில் எப்போதும் இப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. வெளிநாட்டிலிருக்கும் அவர் மகளுக்கும் அப்பா விரதம் என்று தெரியும். ஆனாலும் அவர் உட்கார்ந்து தியானம் செய்ய ஒரு மெத்தை வாங்கி அனுப்பினாள்.

அந்தப் பார்சலுக்கு ஓடிபி உண்டு. வாங்குகிறவர் போனுக்கு நாலு எண் வரும். அதை அவர் சொன்னால்தான் டிரைவர் பார்சலைக் கொடுக்க முடியும். நாற்பத்து நான்காம் நாள் ஜினமதி போய் வாசலில் நின்றாள். போன் அவர் பக்கத்திலேயே கட்டிலில் கிடந்து இரண்டு தடவை கூவியது. அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், நம்பர மட்டும் சொல்லுங்க சார். இல்ல, போனத் திருப்பிக் காட்டுங்க, நானே பாத்துக்கறேன்."

மூடிய கண் திறக்கவில்லை.

வீட்டுக்காரி கன்னியம்மாள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள். "பேச மாட்டாரும்மா. மாசி பௌர்ணமி வரிக்கும் அப்டித்தான். நான் வாடக கேட்டாகூட இப்டித்தான் கண்ண மூடிக்குவாரு."

ஜினமதி பார்சலைத் திருப்பிக்கொண்டு போனாள். மறுநாள் மகளிடமிருந்து புகார் வந்தது. அப்பா அறையைவிட்டு வெளியே போவதே இல்லை, டிரைவர் வராமலேயே வந்ததாகப் பொய் சொல்கிறார் என்று எழுதியிருந்தாள். சகாதேவன் அந்தப் புகாரை இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு இரண்டாவது சிவப்பைப் போட்டார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை அவள் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அறுபதாம் நாள் பௌர்ணமிக்கு மூன்று நாள் முந்தி வந்தது. காலையில் அவள் வண்டியில் ஏற்ற வேண்டிய பார்சல்களுக்கு மேலே, தலைப்பாகை வைத்த மாதிரி, அந்த மெத்தை உட்கார்ந்திருந்தது.

"மறுபடி அனுப்பியிருக்காங்க," என்றார் சகாதேவன். "இன்னிக்கி இது திரும்பி வந்தாலும் சிவப்பு. வண்டி எங்கனா அஞ்சு நிமிஷத்துக்கு மேல சும்மா நின்னாலும் சிவப்பு. மச்சான நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

கடைசி வார்த்தையை அவர் மறைக்கக்கூட இல்லை. ஜினமதி பார்சல்களை ஏற்றினாள்.

அன்று அவள் ஓட்டின ஓட்டத்தை யாரும் பாராட்டப் போவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. முப்பத்தேழு பார்சல்களையும் கொடுத்துவிட்டு, மெத்தையோடு சக்கரவர்த்தியின் அறை வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. மலையுச்சியில் மட்டும் வெயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். போன் அதே இடத்தில் கிடந்தது.

"சார், உங்க பொண்ணு அனுப்பின மெத்த. நாலே நாலு நம்பர். இது திரும்பிப் போனா எனக்கு வேல போயிடும் சார்."

அவர் அவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது முகத்தில் நன்றாகவே தெரிந்தது. புரிந்துகொண்டுதான் கண்ணை மூடினார். அங்கேதான் ஜினமதிக்கு மனசு விட்டுப்போனது. எதிரில் ஒருத்தி பிழைப்பு போகிறது என்று சொல்கிறாள், விரலை அசைத்துப் போனைத் திருப்பினால் என்ன குறைந்துவிடும்? இவருக்கும் ஒரு விரதம், அதற்கு ஊரே அடங்கிப் போகிறது. தன் விரதத்துக்கு மட்டும் சிவப்புப் புள்ளி.

அவள் தன் போனில் 'வந்து சேர்ந்தேன்' என்பதை அழுத்தினாள். வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்கப் பதினைந்து நிமிஷம் உண்டு; அதைச் சும்மா நின்ற கணக்கில் சேர்க்கமாட்டார்கள். பதினைந்து நிமிஷம் கழித்து எப்படியும் வேலை போய்விடும். பசி வயிற்றைக் கிள்ளியது. போகிற வேலை போகட்டும், சோற்றையாவது பொழுதோடு சாப்பிடலாம் என்று வண்டியிலிருந்து டப்பாவை எடுத்து வந்தாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

புளிச்சோறும் சுண்டைக்காய் வற்றலும். முதல் வாய் உள்ளே போனபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பத்தொரு நாளுக்குப் பிறகு, வேலை நேரத்தில், பொழுது இறங்குவதற்குள் அவள் சாப்பிடுகிற மாலைச் சோறு. அவசரப்படாமல் பிசைந்து சாப்பிட்டாள். வற்றலைக் கடிக்கிற சத்தம் அறைக்குள் நன்றாகக் கேட்டிருக்கும்.

கட்டில் கிறீச்சிட்டது. அவர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று தெரிந்தும் அவள் திரும்பவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. அவள் இன்னொரு கவளம் எடுத்தாள்.

"எழுந்திரு!"

முற்றத்தில் குழாயடியில் நின்ற கன்னியம்மாள் குடத்தை நழுவவிட்டாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல வாசப்படியில உக்காந்து எச்ச பண்ணிட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? யாரு உனக்கு இங்க உக்கார எடம் குடுத்தது? எழுந்திருன்னு சொல்றேன் இல்ல?"

முப்பது வருஷம் அதட்டிப் பழகிய குரல். கிட்டத்தட்ட ஒரு மண்டலம் அடக்கி வைத்தும் கொஞ்சம்கூடத் துருப்பிடிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜினமதி கடைசிக் கவளத்தை மென்று விழுங்கினாள். டப்பாவை மூடினாள். எழுந்தாள்.

"பேச வருதே சார். அப்டியே அந்த நாலு நம்பரையும் சொல்லிடுங்க."

அவர் போனை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவள் மெத்தையை உள்ளே வைத்தாள். வாசற்படியில் சிந்திய இரண்டு பருக்கையை மட்டும் அவள் பொறுக்கவில்லை.

ஏழே காலுக்கு ஹப்பில் சகாதேவன் கணினித் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டும் பச்சை. பெயருக்கு நேராக இரண்டே சிவப்பு. அவருடைய மச்சான், நாளைக்கு வரச் சொன்னவன், ஆர்வத்தில் இன்றைக்கே வந்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த ஆளு பேசவே மாட்டானே. நீ என்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார். உக்காந்து சாப்டேன்."

கடைசிப் பார்சல் பச்சையானதுமே நிரந்தர உத்தரவை மேலிடம் அனுப்பிவிட்டிருந்தது. சகாதேவன் அதை அச்செடுத்து மேஜையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. அவள் எடுத்து மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து அஞ்சே முக்காலுக்கு என் வண்டி நிக்கும் சார். ஏழரைக்கு மேல அந்த நேரத்த ஓட்டிக் குடுத்துடறேன்."

"நிக்குமா? வெரதம் வெரதம்னு ஆளாளுக்குக் கெளம்பிட்டீங்களே. அந்தாளுக்கு ஒரு வெரதம், உனக்கு ஒரு வெரதமா?"

"அவரோடது இன்னிக்கிப் போயிடுச்சு சார்," என்றாள் ஜினமதி. "என்னோடது இருக்கு."

வண்டிச் சாவியை மேஜையில் அவர் கைக்கு எட்டாத பக்கமாக வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.