ஜெசிந்தா எடுத்து வைத்த உறை

செய்யூரில் ஜெசிந்தா போட்டிருக்கும் தயிர்க்கூடத்துக்கு வண்டி ஓட்டுகிறவன் நான். எனக்குத் தங்கச்சி முறை. அவள் தயிர் முழுக்க சிறுசேரியில் ஒரு ஆபீஸ் கேன்டீனுக்குப் போகும். அந்த ஒரே கேன்டீனை நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். தன் பெயரில் போர்டு மாட்டிய அன்று தெருவையே கூப்பிட்டு வாய்க்கு வாய் தயிர் ஊட்டினாள்.

பொங்கல் கழிந்ததும் தயிர் உறையவில்லை. பால்காரரைத் திட்டினாள், என்னையும் திட்டினாள். கடைசியில் பால் சோதிக்கும் ஜெயந்த் வந்து பார்த்து, தயிராக்குகிற பாக்டீரியாவுக்கே வைரஸ் பிடித்திருக்கிறது என்றார். கண்ணுக்குத் தெரியாததற்கும் ஒரு சனியன் உண்டாம்!

"இந்த மருந்தப் பால்ல கலந்துடுங்கக்கா. வைரஸ் பாக்டீரியாவப் பிடிக்க முடியாது. ஆனா தினமும் புது பாக்கெட் உறைதான் ஊத்தணும். பழச எடுத்து வைக்காதீங்க."

மறுநாள் தயிர் கத்தி போட்டு வெட்டலாம் போல உறைந்தது. வினையே அதுதான். அவ்வளவு நல்ல தயிரில் ஒரு கிண்ணம் நாளைக்கு எடுத்து வைக்காமல் விட எங்கள் பக்கத்தில் யாருக்கு மனசு வரும்?

"மருந்துதான் கீதேண்ணா, இன்னா ஆவப்போவுது?" என்றாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

தினமும் முந்தைய நாள் தயிரே உறையானது. கொஞ்ச நாளில் தயிர் இளகியது. மருந்தைக் கூட்டினாள். பிறகு எவ்வளவு போட்டாலும் பால் பாலாகவே கிடந்தது.

மறுபடி ஜெயந்தைக் கூப்பிட்டோம். கிண்ணத்தில் உறை எடுத்து வைத்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோடிக்கணக்குல பெருகறப்போ ஒண்ணு ரெண்டு வைரஸ் மாறிப் பொறக்கும்க்கா. மருந்துக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கும். மருந்து மத்ததையெல்லாம் தடுத்துச்சு, அத மட்டும் தடுக்க முடியல. நீங்க தினமும் எடுத்து வெச்ச உறையில அதுதான் பெருகிட்டே வந்திருக்கு. இப்போ கூடம் பூரா அதோட வம்சம்தான்."

"அப்ப நான்தான் அத ஊட்டி வளத்தேன்றீங்களா சார்?"

வேறு மருந்து கேட்டாள். அதையும் தாண்டுவது ஒன்று பிறக்கலாம் என்றார். கூடத்தை மூடி, எல்லாவற்றையும் கழுவி, இந்த வைரஸ் தொட முடியாத வேறு பாக்டீரியாவை வரவழைக்க வேண்டுமாம். அதுவரை கேன்டீன் காத்திருக்குமா?

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது? ஜெயந்த் முதலிலேயே சொன்னார். அவள் மேல் காட்ட மனசு வரவில்லை. அந்த வைரஸைத் திட்டலாமென்றால் அதற்குக் காது கிடையாது.

கை தோல் உரிய பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். வேறு பாக்டீரியா வரும்வரை பொறுக்க மாட்டாமல், கையிலிருந்த பாக்கெட் உறையையே உடனே மறுபடி ஊற்றினாள். காலையில் மூடியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பால் அப்படியே ஆடியது.

கேன்டீன் மேனேஜர் தாமோதரன் போன் செய்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இன்னிக்கும் இல்ல சார். நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் வேற சவாரி பாத்துக்கோண்ணா" என்றாள்.