புரட்டிப் போட்ட கற்கள்

போன மாசி மாதம், கீரிமலைக்குக் கிழக்கே எங்கள் கல்லுக்கரையில் நடந்தது இது. காலையில் கடல் வற்றும்போது கற்களைப் புரட்டி, அடியில் பதுங்கியிருக்கும் எட்டுக்கைப் பேய்க்கணவாயைக் கம்பியால் குத்திப் பிடிப்பது என் வழக்கம். வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். சில மாதங்களாக ஒன்றும் அகப்படவில்லை. எவனோ எனக்கு முன்னால் வந்து அள்ளிக்கொண்டு போகிறான் என்றே நம்பினேன்.

அன்றைக்குப் போனால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழித் தண்ணீரை உற்று உற்றுப் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்க்காலத்தில் இராணுவம் வேலி போட்டு மறித்திருந்த இந்தக் கரைக்குத் திரும்பி வரவே நாங்கள் எத்தனையோ வருடம் காத்துக் கிடந்தவர்கள். நிலம் அளக்கக் கொப்பியோடு ஒருவர் வந்தால், பின்னால் வேலி வரும்.

“ஆர் உங்களை அனுப்பினது?” என்று கத்தினேன்.

“ஒருத்தரும் அனுப்பேல்லை அண்ணை. மானிப்பாயிலையிருந்து பஸ்ஸிலை வந்தனான். நண்டு பாக்கிறன்.”

“ஏன், நண்டைச் சந்தையிலை பாக்கேலாதோ?”

“சந்தை நண்டு ஓடிக் காட்டாதே!”

கொப்பியைப் பறித்தேன். காற்று, தண்ணீர் மட்டம், நண்டு, நட்சத்திர மீன் என்று நாள்வாரியாக எழுதியிருந்தது. நில அளவு ஒன்றும் இல்லை. அப்போதும் நான் நம்பவில்லை.

அவர் கொப்பியை வெடுக்கென்று திரும்பப் பிடுங்கி, தலைகீழாகக் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். அதன் அடிப்பக்கம் வெயிலைப் பார்த்திருந்தது. அரிசிமணி போன்ற முட்டைகள் கொத்துக் கொத்தாகக் காய்ந்து ஒட்டிக் கிடந்தன.

“பேய்க்கணவாயின்ரை முட்டை, குஞ்சு பொரிக்க முதலே காய்ஞ்சு செத்துப்போச்சு. ஆரோ ஒரு விசரன் கல்லைப் புரட்டிப்போட்டு அப்பிடியே விட்டிட்டுப் போறான். நான் வாற நேரமெல்லாம் இதே கூத்துத்தான். உவன் ஆரெண்டு தெரியுமோ அண்ணை?”

பிடித்ததும் அடுத்த கல்லுக்குப் போவேனே தவிர, புரட்டிய கல்லை நான் ஒருநாளும் திருப்பி வைத்ததில்லை.

“தெரியாது” என்றேன்.

அவர் என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். அந்தக் கல்லைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார். கொஞ்சம் தள்ளி நானும் குனிந்தேன். தண்ணீர் ஏறும்வரை கற்களைத் திருப்பி வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.

கரையில் புது ஆளைக் கண்டால் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது, அது என்னை விட்டுப் போகாது. ஆனால் கள்ளன் யார் என்று கேட்க வாயைத் திறக்கும்போதே, அன்றைக்கு நான் சொன்ன பொய் நினைவுக்கு வருகிறது. குனிந்து, நான் புரட்டிய கல்லைத் திருப்பி வைக்கிறேன்.