ஹெரன் ஏரியில் பெரிய பாதையைக் கேட்ட இரண்டு பெண்கள்

காம்பிங் போவது பற்றி எழுதச் சொல்லி இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எந்தக் கூடாரம் வாங்கலாம், கரடி வருமா, கழிவறை இருக்குமா என்பவைதான் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் போன பயணத்தைச் சொல்லாமல் அந்தப் பதில்களைச் சொல்ல எனக்குத் தெரியாது. அது 1997 ஜூலை, ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை.

அப்போது நாங்கள் கனடாவில், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் தட்டில் இருந்தோம். சாமான்களைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. ஒருநாள் மதிய இடைவேளையில் எங்கள் சூப்பர்வைசர் ஓர் ஏரிக்கரையில் எடுத்த படங்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். கூடாரம், விறகு நெருப்பு, கண்ணாடி போலத் தண்ணீர். இப்படிப் போவதற்கு எங்கே பதிய வேண்டும் என்று கேட்டேன். "உங்கள் ஆட்கள் அங்கே வருவதில்லை. உங்களுக்கு அது பிடிக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குச் சுட்டது.

என் பக்கத்தில் இருந்தவர் தவமணி அக்கா. மட்டக்களப்புக்காரர், யாரோடும் அந்த ஊர் வழக்கப்படி 'கா' சேர்த்துப் பேசுபவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு அடுத்த மேசையில் பெட்டி ஒட்டுபவர். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது.

"என்னகா சொல்றான் அவன்?"

சொன்னேன். பிளாஸ்கின் மூடியை இறுக்கிப் பூட்டினார். "காடு அவன்ட அப்பன்ட வளவாமா? எப்ப போறம்?"

அன்று மாலையே பதிவு செய்யும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஹெரன் ஏரிப் பூங்காவில் கரையோரமாக ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது, இலக்கம் 34. ஓர் இரவுக்குப் பத்தொன்பது டொலர், இரண்டு இரவு. கூடாரம் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்ற யார்ட் சேலில் பன்னிரண்டு டொலருக்கு வாங்கியது. ஒரு கம்பி வளைந்திருந்தது, அதற்கு விளக்குமாற்றுத் தடியை வெட்டிக் கட்டினோம்.

என் கணவர் குகனுக்கு இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "ஊரில தறப்பாளுக்குக் கீழ கிடந்தது காணாதே? இப்ப லீவும் எடுத்து, காசும் குடுத்து அகதி முகாமில படுக்கப் போறீரோ?"

"ஓம். இந்த முறை நானாக் கேட்டுப் போறன். நான் நினைச்ச நேரம் திரும்பி வாறன்."

பிள்ளைகள் இருவரையும் அவரிடம் விட்டேன். அவருக்குப் புட்டு அவிக்கத் தெரியாது, ஆனால் கடைகளில் பாண் இருந்தது.

வெள்ளி காலை 6.40க்குப் புறப்பட்டோம். லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, நகரத்தை விட்டு ஒருநாளும் ஓட்டியதில்லை. கென்னடி வீதியால் இறங்கி 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறினேன். லொறிகள் இரண்டு பக்கமும் சுவர்போல நெருக்கின. அஜக்ஸ் தாண்டும்வரை ஒரே லேனில்தான் போனேன். ஒஷாவாவில் கோப்பி குடிக்க நிறுத்தியபோது என் கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விறைத்திருந்தது. தவமணி அக்கா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

ஒஷாவாவுக்கு அப்பால் 35ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பியதும் பாதை சுகமானது. லிண்ட்சேக்குப் பிறகு வயல்கள், மின்டனுக்குப் பிறகு பாறையும் பைன் மரமும்தான். பூங்கா வாசலில் மீற்றரைப் பார்த்தேன், வீட்டிலிருந்து 205 கிலோமீற்றர். பெற்றோல் போக வர இருபத்தாறு டொலர் முடிந்தது. நாங்கள் 10.30க்கே போய்விட்டோம், இடம் தருவது பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். நாங்கள் மூன்றரை மணிநேரம் காருக்குள் இருந்து புட்டும் மீன் பொரியலும் சாப்பிட்டோம்.

முப்பத்துநான்காம் இடம் சூப்பர்வைசரின் படங்களில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. கூடாரத்து வாசலிலிருந்து தண்ணீருக்குப் பதினெட்டு அடி. நாங்கள் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து இடத்திலிருந்து தொப்பி போட்ட ஒரு மனிதர் வந்தார். தனக்கு 35, தன் தம்பி குடும்பத்துக்கு 33 என்றார். நடுவில் நாங்கள் இருக்கிறோம். பின்னால் 58ஆம் இடம் காலியாக இருக்கிறது, கழிவறைக்குப் பக்கம், உங்களுக்கு வசதியாக இருக்கும் என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"நன்றி. எங்களுக்கு இதுதான் வசதி" என்றேன்.

அவர் போனார். அரை மணிநேரத்தில் பூங்காவில் வேலை செய்யும் ஓர் இளம்பெண்ணோடு திரும்பி வந்தார். இப்போது வேறு காரணம். எங்கள் சாப்பாட்டு மணத்துக்குக் கரடி வரும், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அவருடைய அடுப்பில் அந்த நேரம் பன்றி இறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. விருப்பம் என்றால் மட்டும் மாறலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

தவமணி அக்கா என்னிடம் கேட்டார், "எழும்பச் சொல்றானா?"

"ஓம்."

அவர் கதிரையை இன்னும் ஓரடி தண்ணீர்ப் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார். "நான் எழும்பின இடமெல்லாம் போதும் எண்டு சொல்லுகா."

அதை அப்படியே மொழிபெயர்க்க எனக்கு வரவில்லை. கம்பத்தில் செருகியிருந்த அனுமதித்தாளை எடுத்து, என் பெயரையும் 34 என்ற இலக்கத்தையும் அந்த மனிதருக்கு விரலால் காட்டினேன். "என் மீன் பெட்டிக்குள், பெட்டி கார் டிக்கிக்குள். உங்கள் இறைச்சி அடுப்பில். கரடி எங்கே போகும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அந்தப் பெண் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மனிதர் ஞாயிறு வரை எங்களோடு பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

சனி காலை நடக்கப் போனோம். வாசல் அலுவலகத்தில் இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றரைக் கிலோமீற்றர் பலகைப் பாதையின் வரைபடத்தை நீட்டினார். தவமணி அக்கா அதை வாங்கவில்லை. "பிக் வன்?" என்று கேட்டார். பெரியது இரண்டு ஏரிகளைச் சுற்றும் பாதை, 10.4 கிலோமீற்றர், நான்கு முதல் ஐந்து மணிநேரம். அலுவலகக்காரர் எங்கள் கால்களைப் பார்த்தார். இருவரும் தொழிற்சாலையில் தந்த எஃகு முனைச் சப்பாத்து போட்டிருந்தோம். வேறு நல்ல சப்பாத்து எங்களிடம் இருக்கவில்லை.

8.15க்குத் தொடங்கினோம். முதல் மூன்று கிலோமீற்றர் மேப்பிள் மரங்களுக்குள். நுளம்பு காதுக்குள் பாடியது. பிறகு ஒரு சதுப்பு, பிறகு ஏற்றம். மரத்துக்கு மரம் நீலப் பெயின்ற் அடித்திருந்தார்கள், வழி தவறவே முடியாது. ஆறாவது கிலோமீற்றர்ப் பலகை தாண்டியதும் காடு திறந்தது. கீழே இரண்டாவது ஏரி, நாங்கள் நின்றது மேலே மொட்டைப் பாறை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய அமைதியைக் கேட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது குன்றுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. சத்தம்தான் முதலில். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இது கனடா, இது காம்பிங் என்று தெரிந்திருக்கும். என் உடம்பு யோசிக்காமல் பாறைக்கும் வேருக்கும் இடையில் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டது. அவ்வளவு நாளும் சூப்பர்வைசரிடமும் குகனிடமும் தொப்பிக்காரரிடமும் வாய் காட்டியவள் நான்தான். விழுந்தவளும் நான்தான்.

தவமணி அக்கா நின்றுகொண்டே இருந்தார். அது ஒரு மஞ்சள் விமானம். எங்கோ எரியும் காட்டுத்தீக்கு ஏரியில் தண்ணீர் அள்ள வந்திருக்கிறது. வயிற்றைத் தண்ணீரில் உரசிக்கொண்டு போய் எழும்பியது. சத்தம் போன பிறகும் என்னால் எழ முடியவில்லை. அழுகை வந்தது. வெட்கம் அதைவிடக் கூடுதலாக வந்தது.

அந்த நேரம் பார்த்து நாயோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். ஏதும் பிரச்சினையா, ஆட்களைக் கூட்டிவரவா என்று கேட்டார்கள். உண்மையான அக்கறைதான். தவமணி அக்கா எனக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றார்.

"நோ பிராப்ளம். வீ ஆர் வாக்கிங். ஷீ இஸ் சிற்றிங்."

அவர்கள் போகும்வரை அசையவில்லை. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியைத் தந்தார்.

"திரும்புவம் அக்கா. எனக்கு ஏலாது."

"எங்க திரும்புற? வந்த வழி ஆறு கிலோமீற்றர். போற வழி நாலு. நீதானே படிச்சவள், கணக்குப் பார்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தொண்ணூறில எட்டு நாள் காட்டுக்குள்ள நடந்த நான், புள்ள. எங்க போறம் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. ஒரு மரத்திலயும் ஒரு அடையாளமும் இல்ல. இஞ்ச பாரு, மரத்துக்கு மரம் பெயின்ற் அடிச்சு வழி காட்டுறானுகள். இதில நடக்காம வேற எதில நடக்கிற?"

அதுவரை அந்த எட்டு நாளைப் பற்றி அவர் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டு எழும்பினேன். இருபது அடி நடக்கவில்லை, விமானம் மறுபடியும் வந்தது. அது அப்படித்தான், தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வரும். இந்த முறை ஒரு பைன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அழகாக நிற்கவில்லை. பிசின் கன்னத்தில் ஒட்டியது, தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையாலும் அதைத் திட்டினேன். ஆனால் நின்றேன். மூன்றாம் முறை மரத்தை விட்டுவிட்டுப் பார்த்தேன். தண்ணீரை அள்ளும்போது அதன் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக நுரை எழும்புவது தெரிந்தது. நான்காம் முறைக்காகத் தவமணி அக்கா காத்திருக்க விடவில்லை. "போதும், வாகா, பசிக்கி."

1.50க்குப் பாதையின் முடிவுக்கு வந்தோம். ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடம். அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் நடந்தவர்கள் பெயர் எழுதும் கொப்பி இருந்தது. நான் ஆங்கிலத்தில் எழுதினேன். தவமணி அக்கா பேனாவை வாங்கி, தகப்பன் பெயரோடு தன் முழுப்பெயரையும் தமிழில், இரண்டு வரிகளை அடைத்து எழுதினார். "வாசிக்கத் தெரிஞ்சவன் வாசிக்கட்டும்" என்றார். பின்னேரம் சுடிதாரோடு ஏரிக்குள் இறங்கி, விரல்நுனி சுருங்கும்வரை கிடந்தோம். கரையில் பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

இனி நீங்கள் கேட்டவை. கரடி வரலாம். நாங்கள் பார்த்ததில்லை, ஆனால் சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம் எல்லாவற்றையும் காருக்குள் பூட்டுங்கள். ஒரு துண்டு கருவாட்டைக்கூடக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கழிவறையும் குளிக்க வெந்நீரும் பெரும்பாலான பூங்காக்களில் உண்டு. விறகை நகரத்திலிருந்து கொண்டுபோகாதீர்கள், பூச்சிகள் பரவும், வாசலிலேயே விற்கிறார்கள். ஜூலையில் நுளம்பு கடுமை, நீளக்கை உடுப்பு கட்டாயம். கூடாரத்தை முதலில் வீட்டு வரவேற்பறையில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். குறைந்தது நான்கு பேருக்குரியது வாங்குங்கள், அதில் இரண்டு பேர் நிம்மதியாகப் படுக்கலாம். சமைக்க வெட்கப்படாதீர்கள். பாதைகளில் எது நீளமானது என்று நீங்களாகவே கேளுங்கள், பல நேரம் அதை உங்களுக்குக் காட்டமாட்டார்கள்.

இன்னொன்று. நம் ஆட்களில் சிலருக்குக் காடும் கூடாரமும் சத்தமும் வேறொன்றை ஞாபகப்படுத்தும். அதனால் வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாருங்கள். விழுந்தால் விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். உங்களை அவசரப்படுத்தாத ஒருவரோடு வாருங்கள், அதுதான் கூடாரத்தைவிட முக்கியம்.

இந்தக் காலத்தில் இடங்களை ஐந்து மாதத்துக்கு முன்பே இணையத்தில் பதியலாம், கரையோர இடங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தவமணி அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இப்போது மகனோடு அஜக்ஸில் இருக்கிறார். இரண்டு முழங்காலுக்கும் சத்திரசிகிச்சை முடிந்தது. போன கிழமை தொலைபேசி எடுத்தார்.

"பதியிறது எத்தின மணிக்குத் திறக்குதுகா?"

"காலமை ஏழுக்கு, அக்கா."

"அப்ப ஆறரைக்கே எழும்பி இரி. தண்ணிக்கரையா எடு."